கண் சிவந்திருந்தால் கஞ்சாவா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி மாணவன் ஒருவன் கஞ்சாவுடன் பிடிபட்ட செய்தியைப் போன வாரம் தங்கள் நாளிதழில் படித்தேன். பையன் பெயரைப் போடவில்லை, சரி. ஆனால் ஊர், பள்ளி, வகுப்பு, அவன் அம்மா மலையில் எந்த எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறார் என்பது வரைக்கும் போட்டிருந்தீர்கள். இதற்கு மேல் பெயர் எதற்கு? எங்கள் தெரு டீக்கடையில் காலை எட்டு மணிக்குள்ளேயே ஆளைச் சொல்லிவிட்டார்கள். பெயர் மட்டுமல்ல, முகவரி, பள்ளி என்று சிறுவனை அடையாளம் காட்டும் எந்த விவரமும் பத்திரிகையில் வரக்கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பள்ளிப் பணியாளர்களான எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தது இது. பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நான் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். வகுப்பறைக்குள் எனக்கு வேலை கிடையாது. பிள்ளைகளைத் தட்டும் கையுமாகத்தான் பார்ப்பேன். ஆனால் பசியோடு வருகிறவனிடம் நடிப்பு குறைவு.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். முதல் பீரியடிலேயே தூங்கிவிடுவான், கண் இரண்டும் எந்நேரமும் சிவந்தே இருக்கும், கேள்வி கேட்டால் எரிந்து விழுவான். தலைமுடியை ஓரம் சிரைத்து மேலே புதராக விட்டிருப்பான். இவ்வளவு போதாதா? பள்ளியில் முடிவு கட்டியாகிவிட்டது. பெற்றோரைக் கூட்டி வரச் சொன்னார்கள், யாரும் வரவில்லை. அதையும் அவன் கணக்கில் எழுதினார்கள்.

சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் தட்டுக் கழுவும்போது பார்த்தேன், நகக்கண் பத்திலும் நீலம். எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக்கு அடிக்கிற மருந்து அது. பந்தல் தாழ்வு, அண்ணாந்து நின்று இலைக்கு அடியில் அடிக்க வேண்டும். பாதி மருந்து அடிக்கிறவன் முகத்தில்தான் இறங்கும். அம்மா விடிவதற்கு முன்பே ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போய்விட, இவன் தோட்டத்துக்குப் போய் மருந்தடித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறான். வெள்ளிக்கிழமை குழுக்கடன் கட்ட வேண்டுமே. (அந்த வயதுப் பிள்ளையை மருந்தடிக்க விட்ட தோட்டக்காரரைப் பற்றித் தனிக் கடிதமே எழுத வேண்டும்.)

“டேய், கண்ணைக் கழுவினியாடா?” என்று கேட்டதற்கு, “போதும் டீச்சர், எல்லாரும் கேட்டாச்சு” என்றான். நான் கேட்டது அவன் காதில் இன்னொரு விசாரணையாக விழுந்திருக்கிறது. பார்வைக் கோளாறு பெரியவர்களுக்கு மட்டும் இல்லை. திட்டு வாங்கியே பழகியவனுக்கு, ‘எங்கடா போயிருந்த’ என்று சாதாரணமாகக் கேட்டாலும் கை ஓங்குகிற மாதிரிதான் படும். அவன் முறைப்பான், நாம் ‘பார், திமிரை’ என்போம். இப்படியே ஒரு வருஷம் ஓடிவிடும்.

ஆசிரியரைக் குறை சொல்ல வரவில்லை. நாற்பது பேருக்கு முன்னால் கரும்பலகை ஓரம் நிற்கிறவருக்குச் சிவந்த கண்தான் தெரியும். குழாயடியில் நின்றதால் எனக்கு நகம் தெரிந்தது. அவன் வீட்டுக்குள் என்ன என்று எனக்கும் தெரியாது. வகுப்பாசிரியரிடம் நகத்தைப் பற்றிச் சொன்னேன், அவர் மறுநாளே வீடு தேடிப் போனார். எனக்குத் தெரிந்ததையும் அவருக்குத் தெரிந்ததையும் சேர்த்து வைத்தால்தான் முக்கால் பிள்ளையாவது தேறும்.

கண் சிவந்தவன் எல்லாம் உழைப்பாளி என்று சாதிக்க மாட்டேன். நிஜமாகவே புகைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். நிரபராதி என்று தெரிந்தபின் இரக்கப்படுவதில் என்ன பெருமை இருக்கிறது? இவர்களிடம் அல்லவா அது தெரிய வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பிள்ளையை வீட்டில் பூட்டி வைக்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு அடிமையாகி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டியவர்கூட, தானாக அரசு மருத்துவமனைக்கு வந்து சிகிச்சையை முழுதாக முடித்தால் அந்த வழக்கில் தண்டனை நடவடிக்கை கிடையாது. பாதியில் விட்டால்தான் சலுகை போகும். தேனி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டுமே கட்டணமில்லா எண்கள். பிடிபட்ட செய்திக்கு அடியில் இதை ஒரு பெட்டியில் போட எவ்வளவு இடம் பிடிக்கும்?

கேரள எல்லையில் இருக்கிற நமக்கு இது புரியாமல் போகக் கூடாது. அந்தப் பக்கம் குமுளியில் இறங்கினால் துணிப்பையைப் பார்த்தே நம்மை எடை போடுகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறோம். 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறு முற்றியபோது, கூலிக்குப் போன நம் பெண்கள் தமிழர் என்பதற்காகவே மிரட்டப்பட்டு, தோட்டங்களை விட்டு மலைப்பாதையில் ஓடி வந்தார்கள். அணைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று ஊரே கொதித்தது. அந்தப் பெண்களின் பிள்ளைகளை இன்று செக்போஸ்ட்டில் முடிவெட்டைப் பார்த்துப் பஸ்ஸை விட்டு இறக்கும்போது மட்டும் நாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

தாங்கள் போட்ட செய்தியில் உள்ள பையன் எங்கள் பள்ளிக்காரன் அல்ல. ஆனாலும் அவன் திரும்பி வந்து உட்கார ஒரு பெஞ்சு வேண்டும். இணையப் பதிப்பில் அந்தச் செய்தி இன்னும் அப்படியே இருக்கிறது, ஊரையும் பள்ளியையும் அதிலிருந்தாவது எடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரும் ஊரும் வேண்டாம். போட்டால், நீல நகக்காரன் யார் என்று டீக்கடையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
தேனி மாவட்டம்.