முதல் பக்கத்தில் ஒரு காரணம் எழுதுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டமும் பாடநூலும் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். தக்கலைப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி 2023இல் ஓய்வு பெற்றவன் நான். வீட்டு மச்சில் ஒரு தகரப் பெட்டி கிடக்கிறது. என் அப்பா படித்த மலையாளப் பாடப் புத்தகம் தொடங்கி, நான் படித்தவை, நடத்தியவை, பேரன் அட்டையைக் கிழித்துப் போட்ட ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வரை அதில் இருக்கின்றன. செல்லரித்திருக்கிறதா என்று பார்க்கப் போன வாரம் பெட்டியை இறக்கினேன். பார்த்து முடித்ததும் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

அப்பா தமிழர். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம். எங்கள் கல்குளம் தாலுகா அப்போது திருவிதாங்கூர் சீமை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளைக்கே தேரூர்ப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது மலையாளம்தான், தமிழை அவர் மடத்துத் தம்பிரானிடம் தனியாகப் போய்க் கற்றார். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். எல்லை மாறியது, புத்தகமும் மாறியது. ஆனால் அப்பா சாகும்வரை சீட்டுக் கணக்கை மலையாளத்தில்தான் எழுதினார். பத்து வயதில் ஒரு பிள்ளை கையில் கொடுக்கும் புத்தகம் எழுபது வயதிலும் அவன் விரலில் நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது அந்தச் சீட்டு நோட்டைப் பார்த்துத்தான்.

பள்ளிக்கூடம் எதற்கு என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் காலத்துக்கு ஒரு பதில் இருந்திருக்கிறது. 1817இல் ராணி கௌரி பார்வதி பாய் ஓர் ஆணை போட்டார். மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்றது அது. பலரும் அந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம்: மக்கள் நல்ல குடிகளாகவும் நல்ல அரசு ஊழியர்களாகவும் ஆக வேண்டும், சமஸ்தானத்தின் பெயர் உயர வேண்டும், அதற்குத்தான் இந்தச் செலவு என்று காரணத்தையும் அதிலேயே எழுதிவிட்டார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தப் பள்ளியின் கதவு திறக்கவில்லை என்பது வேறு கதை. ஆனாலும் 'உனக்கு எதற்காகச் சொல்லித் தருகிறோம்' என்று ஒளிக்காமல் சொன்ன அரசாணை அது. அதற்குப் பிறகு அந்த அளவு நேர்மையான ஒரு காகிதத்தை நான் பார்க்கவில்லை.

அதே காலத்தில் நாகர்கோவிலில் வேறொன்று நடந்தது. மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் 1820களில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசைக் கொண்டு அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்தது 1855இல். அதற்கு முன்பே சில பெண்களைப் பள்ளியில் படித்த கைவேலை மீட்டுவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பள்ளியில் கைத்தொழில் என்றாலே தமிழ்நாட்டில் நமக்கு 1953 நினைவுக்கு வரும். ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம்: மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று எதிர்த்தார்கள், அடுத்த வருடம் காமராஜர் ஆட்சியில் அது போயிற்று. (நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் எங்களை அது தொடவே இல்லை. 'நாம தப்பிச்சோம்' என்பார் அப்பா.) இரண்டிலும் கைவேலைதான் இருந்தது. லேஸ் ஊசி அந்தப் பெண்ணைப் பிறந்த இடத்திலிருந்து வெளியே கொண்டு போனது. அரைநாள் திட்டம் பையனைப் பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்பியது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வி என்கிறது. 'கைவேலை நல்லதா கெட்டதா' என்று டிவியில் கத்துகிறார்கள். அந்த வேலை பிள்ளையை எங்கே கொண்டு போகும் என்பதல்லவா கேள்வி?

சரி, என் கதைக்கு வருகிறேன். 1978இல் பத்தாம் வகுப்பு முடித்தேன். அந்த வருடம்தான் மேல்நிலை வகுப்பு வந்தது. என் அண்ணன் பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை முடித்து, கல்லூரியில் பியூசி என்ற புகுமுக வகுப்பில் சேர்ந்து, வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறியவர். நான் அதே பெஞ்சில், அதே சாரின் பிரம்புக்குக் கீழே இன்னும் இரண்டு வருடம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக் குழு 1964 முதல் 1966 வரை உட்கார்ந்து யோசித்த விஷயம் அது, அதற்கு நல்ல நியாயங்களும் இருந்தன. நான் ஆசிரியர் ஆன பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெஞ்சில் இருந்த பையனுக்கு அது வெறும் தண்டனை.

நான் வாத்தியாராக இருந்தபோதும் இதே கதைதான். 2010இல் சமச்சீர் கல்வி வந்தது. 2011இல் அது நீதிமன்றத்துக்குப் போக, புத்தகமே இல்லாமல் ஜூன், ஜூலை இரண்டு மாதம் வகுப்பு ஓட்டினோம். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் புத்தகம் கைக்கு வந்தது. மெட்ரிக் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரே புத்தகத்தைத் திறக்கப் போகிறார்கள், இது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் அந்தப் பெரிய காரியத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் நின்று பேச நேரமில்லை, பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை.

அப்புறம் 2018இல் புதிய புத்தகங்கள் வந்தன. அதற்கு முந்தைய வருடமே பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்துவிட்டது. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகத்தையே பிரிக்காமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தார்கள், அதைத் தடுக்கத்தான் அந்தத் தேர்வு. இப்போது தமிழ்நாட்டின் 2025 மாநிலக் கல்விக் கொள்கையோடு அது நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சுமை குறைவது சந்தோஷம்தான். ஆனால் எந்த நோய்க்காக அந்த மருந்தைக் கொடுத்தீர்களோ, அந்த நோய் போய்விட்டதா? எங்கள் பக்கத்தில் போகவில்லை.

சொல்லாமல் சேர்ப்பதை விடச் சொல்லாமல் எடுப்பது மோசம். மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் வரலாறு பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அதில் தோள்சீலைப் போராட்டம் வந்தது: மார்பை மறைத்துச் சீலை போடும் உரிமைக்காக எங்கள் மண்ணின் பெண்கள் 1822 தொடங்கி 1859 வரை அடிபட்டது. ஒரு சமூகத்தை இழிவாகக் காட்டுகிறது என்று எதிர்ப்பும் வழக்கும் வந்தன. 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ அந்தப் பகுதியைத் தேர்வுப் பாடத்திலிருந்து எடுத்தது, 2019இல் சுமை குறைப்பு என்று அத்தியாயமே போயிற்று. எழுதிய விதத்தில் பிழை இருந்தால் திருத்தியிருக்கலாம். 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் இரண்டு மாநில முதல்வர்கள் மேடையேறி அந்தப் போராட்டத்தின் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் இது என்ன விழா என்று கேட்டேன். 'தெரியல சார், ஸ்டாலின் வாறாரு' என்றது. அது உங்கள் புத்தகம் இல்லை, தெரியும். ஆனால் கத்தரிக்கோல் உங்கள் மேசையிலும் இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் சில வருடம் வேலை பார்த்தேன். கணக்கில் பதினொரு மதிப்பெண் வாங்கிய ஒரு பையன் இருந்தான், ஒருநாள் கணியம் பார்ப்பதை, அதாவது கடலில் மீன் கிடைக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வதை, எனக்கு விளக்கினான். கரையில் ஒரு கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு மலையையும் நேர்கோட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை அதேபோல நேராக்க வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கடலுக்கடியில் பார் என்ற பாறைத் திட்டு இருக்கும், மீன் இருக்கும். அவன் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு நேர்கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டும் என்று அதே வாரம் பக்கத்து வகுப்பில் கணக்கு சார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த இரண்டையும் சேர்த்து வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. புத்தகத்தில் இல்லையே!

எங்கள் ஊர் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த சிவனும் நாராயணனும் இஸ்ரோ தலைவர்கள் ஆனார்கள், பாடத்திட்டத்துக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். அவர்கள் படம் போட்ட பிளக்ஸ் இல்லாத பள்ளி இந்த மாவட்டத்தில் குறைவு. எனக்கும் பெருமைதான். கணக்கில் பதினொன்று வாங்கியவனுக்கு அந்த பிளக்ஸ் என்ன சொல்கிறது என்பதுதான் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. அடுத்து வரும் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும், அமைச்சர் வாழ்த்துக்கும் முன்னால், பிள்ளைக்குப் புரியும் தமிழில் அரைப்பக்கம் எழுதுங்கள். இந்தப் புத்தகம் உன்னை என்னவாக ஆக்க நினைக்கிறது, பழைய புத்தகத்தில் இருந்த எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம். கடைசியில் மாவட்டத்துக்கென்று சில பக்கங்களைக் காலியாக விடுங்கள், எங்கள் ஆசிரியர்களும் பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். விளவங்கோட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவரின் பிள்ளையும், தோவாளையில் பூக்கட்டும் வீட்டுப் பிள்ளையும் அதில் ஒரே விஷயத்தை எழுத மாட்டார்கள். தேர்வில் அதிலிருந்து கேள்வி வேண்டாம், கேட்டால் கைடு போட்டுவிடுவார்கள்.

பெட்டியில் உள்ள பழைய புத்தகங்கள் உங்களுக்கு உதவும் என்றால் சொல்லுங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை எழும்பூரில் இறங்கிவிடலாம். அப்பாவின் மலையாளப் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்