ஆனையிறவுக் காற்றும் உன் புதுச் சில்லும்

கிளிநொச்சி

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். காலபோகம் வெட்டி முடிந்துவிட்டது, விளைச்சல் பரவாயில்லை, ஆனால் வெட்டு நேரத்தில் நெல்லின் விலை விழுவது மட்டும் இந்த முறையும் மாறவில்லை. இரணைமடுவில் தண்ணீர் இருக்கிறபடியால் சிறுபோகத்துக்கும் கொஞ்சம் விதைக்கலாம் என்று தம்பி நிற்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. நீ வவுனியாவில் இருந்து இங்கே வரைக்கும் சைக்கிளில் வருகிறாய் என்று சொன்னால் இன்னமும் நம்பமாட்டா, பஸ் ஓடவில்லையா என்றுதான் கேட்கிறா.

சரி, சில்லு விசயத்துக்கு வருகிறேன். முன்னும் பின்னும் 60 மில்லிமீற்றர் ஆழத்தில் காபன் ரிம் (சில்லின் வெளி வளையம்), எல்லாம் இரண்டு லட்சத்துக்குள், பாரிஸில் இருந்து அண்ணா வரும்போது சாமான்களைக் கொண்டு வருவார், கட்டித் தருவாயா என்று கேட்டிருக்கிறாய். கட்டித் தருவேன், அதில் கேள்வியே இல்லை. ஆனால் முன்னுக்கு 60 வேண்டாம். இதை நான் காசுக்காகச் சொல்லவில்லை, காற்றுக்காகச் சொல்கிறேன்.

ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று வரும்வரை இரண்டு பக்கமும் காடும் மரமும் கனக்க இடங்களில் உன்னை மறைக்கும், அதனால் அந்தப் பக்கம் ஓடிப் பழகியவனுக்குக் காற்றின் முழுப் பலம் தெரியாது. பரந்தன் கழிந்து ஆனையிறவில் ஏறினால் இரண்டு பக்கமும் வெறும் நீரேரி. ஏ9 வீதி அங்கே வெட்டவெளியில் போகிறது, சோளகம் தென்மேற்கில் இருந்து அடிக்கிறது, ஆக வைகாசியில் இருந்து புரட்டாதி வரைக்கும் போகும்போதும் வரும்போதும் காற்று உன் விலாவில்தான். பூநகரிப் பக்கம் போனால் சங்குப்பிட்டிப் பாலத்திலும் இதே கதை. ஆழமான ரிம் பக்கக் காற்றைப் பாய் போலப் பிடிக்கும். பின் சில்லு என்றால் உன் பாரம் அதன் மேல் இருக்கிறது, அது திரும்புகிற சில்லும் இல்லை, கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான். முன் சில்லு ஹாண்டிலோடு சேர்ந்து திரும்புகிற சில்லு, அதில் காற்றுப் பட்டால் கையில் இருந்தே பறிக்கும். திரும்பி வரும்போது யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிற பஸ்கள் உன்னை முந்தும்போது ஒரு கணம் காற்று மறைபடும், பஸ் கடந்ததும் ஒரேயடியாகத் திரும்ப அடிக்கும், அந்த இடத்தில்தான் எனக்குப் பயம். பின்னால் லொறி வருகிற றோட்டில் ஒரு அடி விலகினாலே போதும் மச்சான்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆழமான ரிம்மால் பலன் இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. சமதரையில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் போகிறவனுக்குக் காற்றுத்தான் முதல் எதிரி, வேகம் இரட்டிப்பானால் காற்றை வெல்லத் தேவைப்படும் வலு எட்டு மடங்காகும். அந்தக் காற்றை முதலில் சந்திப்பது முன் சில்லு என்பதால் பலனிலும் அதற்குத்தான் பெரிய பங்கு. ஆனால் மொத்தக் காற்றில் பெரும்பகுதியைப் பிடிப்பது உன் உடம்பு, சில்லுக்கு வருவது சின்னப் பங்குதான். நீ முழங்கையை மடித்துக் குனிந்து ஓடுவதிலும், காற்றில் படபடக்கிற அந்தப் பெரிய சேர்ட்டை விட்டுவிட்டு உடம்போடு ஒட்டின ஒன்றைப் போடுவதிலும் இதைவிட அதிகம் கிடைக்கும். நீ சொல்கிற பாரக் கதையையும் மற. நூறு இருநூறு கிராம் குறைந்தால் எங்கள் சமதரையில் ஒரு வித்தியாசமும் காணமாட்டாய், நுவரெலியா ஏறுகிறவன் அதை யோசிக்கட்டும்.

ஆகவே நான் சொல்வது, பின்னுக்கு 50 காபன், முன்னுக்கு 30 அளவில் அலுமினியம். இரண்டும் வேறு வேறாக இருந்தால் வடிவில்லை என்று நீ முகம் சுழிப்பாய், தெரியும். ஆனால் யோசித்துப் பார். உன்னுடையது ரிம் பிறேக் சைக்கிள், பிறேக் கட்டை ரிம்மிலேயே அழுத்துகிற வகை. காபன் ரிம் நனைந்தால் பிறேக் பிடிக்கப் பிந்தும், மாரியில் இங்கே சைக்கிள் ஓடினால் நனையாமல் இருக்க ஏலாது. நிற்பாட்டுவதில் முக்கால்வாசி வேலையையும் செய்வது முன் பிறேக், அங்கே அலுமினியம் இருந்தால் மழையிலும் நம்பலாம். கின்லின் எக்ஸ்ஆர்31 என்று தாய்வான் ரிம் ஒன்று இருக்கிறது, 31 மில்லிமீற்றர் ஆழம், உறுதியானது, காபன் ரிம்மோடு பார்த்தால் விலை மிகக் குறைவு. இரண்டு ரிம்மும் காபன் என்றால் உன் காசில் அரைவாசிக்கு மேல் ரிம்முக்கே போய்விடும், மிச்சத்தில் ஹப் (சில்லின் நடுக்குடம்), கம்பி, ரயர் எல்லாம் மட்டமாகத்தான் வாங்க வேண்டிவரும். ஒன்று மட்டும் கவனம்: பின்னுக்குக் காபனுக்கென்று செய்த பிறேக் கட்டை, முன்னுக்குச் சாதாரணக் கட்டை, இரண்டையும் ஒருநாளும் மாற்றிப் போடாதே. அலுமினியத் துகள் ஏறிய கட்டை காபனைக் கீறிவிடும்.

மிஞ்சுகிற காசை ஹப்பில் போடு. ரிம்மைப் பார்த்து மயங்குகிறவர்கள் ஹப்பை யோசிப்பதில்லை, ஆனால் சுழல்வது அதுதானே. பிட்டெக்ஸ், நோவாடெக் இரண்டும் தாய்வான் ஹப், விலைக்கு நல்லவை, உள்ளே இருப்பது பொதுவான அளவு பெயாரிங், இலக்கத்தைச் சொன்னால் பெயாரிங் கடையில் எடுக்கலாம். ஷிமானோ 105 ஹப் என்றால் போலும் கிறீசும் போதும், அதைக் கழற்றிப் பூட்டக் கிளிநொச்சியில் கனபேருக்குத் தெரியும். பின் ஹப் 130 மில்லிமீற்றர் அகலம், ரிம் பிறேக்குக்கு உரியது என்று அண்ணாவுக்குத் தெளிவாக எழுது, இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது டிஸ்க் பிறேக்குக்கான ஹப், அகலமும் அச்சும் வேறு, உன் சட்டத்தில் பூட்ட வராது.

கம்பிகளில் கை வைக்காதே. முன்னுக்கு 24, பின்னுக்கு 28. இருபது கம்பியில் ஓடுகிற படங்களைப் பார்த்திருப்பாய், அவர்கள் உன்னைவிட மெலிந்தவர்கள், ஓடுகிற றோட்டும் வேறு. எங்கள் அப்பாமார் வைத்திருந்த பெரிய சைக்கிள்களுக்கு முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பி என்று நினைவிருக்கிறதா? பாரம் முழுக்கப் பின்னால் என்பதால்தான் அந்தக் கணக்கு. யுத்தத்தில் பெற்றோல் வராத காலத்தில், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடியபோது, விறகும் நெல்லும் நோயாளியும் அந்தப் பின் சில்லில்தான் வன்னி முழுக்கப் போயின. இன்றைக்கும் பின் சில்லில்தான் கம்பி முறிகிறது, அதிலும் செயின் பக்கத்தில் இழுவை அதிகம், மற்றப் பக்கம் தளர்வு. இரண்டையும் சமப்படுத்திக் கட்டுவதுதான் வேலையே. கம்பி சபிம் கொம்பனியின் ரேஸ் போதும், நடுவில் மெலிந்த வட்டக் கம்பி. தட்டைக் கம்பியான சிஎக்ஸ்-ரே அருமையான சாமான்தான், ஆனால் விலையைப் பார்த்தால் உன் கணக்கு உடைந்துவிடும். வளைந்த தலைக் கம்பியாக எடு, நேர்க்கம்பி வேண்டாம். ரிம் ஆழமாக ஆழமாகக் கம்பி குட்டையாகும், 50 ரிம்முக்கு வருகிற அளவு இங்கே எந்தக் கடையிலும் இருக்காது, ஆகவே பக்கத்துக்கு நாலு கம்பி மேலதிகமாகக் கொண்டுவரச் சொல். கம்பியை ரிம்மில் இறுக்கிப் பிடிக்கிற நிப்பிள் பித்தளைதான். அலுமினிய நிப்பிளும் காபனும் உப்பு ஈரத்தில் ஒட்டி இருந்தால் நிப்பிள் அரிபட்டுப் போகும், நீ ஓடுவதோ ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்தால்.

ரிம்மின் அகலத்தையும் பார்க்க வேண்டும். சில்லு செய்கிற ஸிப் கொம்பனியில் இருந்த ஜோஷ் போர்ட்னர் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: ரயரைவிட ரிம் குறைந்தது ஐந்து வீதமாவது அகலமாக இருந்தால்தான் காற்று ஒழுங்காக வழுக்கிப் போகும். 25 ரயருக்கு 26 மில்லிமீற்றரைத் தாண்டவேண்டும். அந்தக் கின்லின் அவ்வளவு அகலமில்லை, முன்னுக்கு அந்தப் பலன் கொஞ்சம் குறையும், குறையட்டும். பின்னுக்கு 27, 28 அகலத்தில் வாங்கலாம், ஆனால் உன் பழைய பிறேக்கின் வாய் அவ்வளவுக்கு விரியுமா, சட்டத்தில் இடம் இருக்குமா என்று அளக்காமல் காசு கட்டாதே. ஓரத்தில் கொக்கி இல்லாத ரிம் என்று புதிதாக விற்கிறார்கள், அதில் 5 பாருக்கு மேல் காற்று அடிக்கக்கூடாது, ரயரும் அதற்கென்று வேறாக வாங்கவேண்டும். கொக்கி உள்ளதையே எடு, ரியூப் போட்டு ஓடு. வால்வு 80 மில்லிமீற்றர் நீளமான ரியூபும் நாலைந்து வரட்டும். எங்கள் பம்ப் வாய் அந்த மெல்லிய வால்வுக்குப் பொருந்தாது, அதற்கு ஒரு சின்னப் பித்தளை மூடி இருக்கிறது, அது என்னிடம் உண்டு.

அண்ணா பாரிஸில் பழைய காபன் சில்லு மலிவாகக் கண்டாராம் என்று எழுதியிருந்தாய். அது ஒட்டி ஓடுகிற ரயருக்கான ரிம்மாக இருக்கும், அதனால்தான் அந்த விலை. ரயரையே ரிம்மில் பசை போட்டு ஒட்டவேண்டும், ரியூப் உள்ளே வைத்துத் தைத்திருக்கும், மாங்குளத்தில் காத்துப் போனால் ஒட்டுப் போட்டுத்தர யாராலும் முடியாது. அந்தப் பக்கமே போகவேண்டாம் என்று சொல்லிவிடு. அந்தக் காசுக்கு நல்ல ரயர் ஒரு சோடி வாங்கட்டும். மட்ட ரயருக்கும் நல்ல ரயருக்கும் உருளுவதில் இருக்கிற வித்தியாசத்தை நீ காலிலேயே உணர்வாய்.

அண்ணா ரிக்கற் போட முதல் எனக்கு மூன்று விசயம் வேண்டும்: பிறேக்கை முழுக்கத் திறந்தால் கட்டைகளுக்கு இடையில் எத்தனை மில்லிமீற்றர், பின் சட்டத்தில் சில்லுக்கு எவ்வளவு இடம், கசெற்றில், அதுதான் பின் பற்சக்கரத் தொகுதியில், சக்கரம் பத்தா பதினொன்றா. ரிம்மும் ஹப்பும் எது என்று முடிவானால் கம்பி நீளத்தை நான் கணக்கிட்டு அனுப்புகிறேன், அதுவரை கம்பிக்கு ஓடர் கொடுக்க விடாதே. சாமான் வந்தால் ஒரு சனிக்கிழமை கொண்டு வா, அன்றைக்கே கட்டி முடிக்க ஏலாது, இரவு நின்று போகிறமாதிரி வா. அம்மா குரக்கன் புட்டு அவிக்கிறாவாம்.

அன்புடன்,
உன் மச்சான்