2003: தானாக மறையவில்லை சார்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் 2003ஆம் ஆண்டின் உலக நிகழ்வுகளைத் திரும்பிப் பார்த்து எழுதப்பட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். பாதிக்கு மேல் ஈராக் போர். கொலம்பியா விண்ணோடம், நுரையீரலைத் தாக்கும் சார்ஸ் தொற்றுநோய், ஐரோப்பாவின் வெப்ப அலை, பாம் நகர நிலநடுக்கம் ஆகியவற்றுக்குத் தலைக்கு இரண்டு வரி. ஈராக்குக்கு அவ்வளவு இடம் தந்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால், சார்ஸ் நோய் "வந்த வேகத்தில் தானாகவே மறைந்தது" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அது தானாக மறையவில்லை. அந்த ஆண்டின் மற்ற பல நிகழ்வுகளோடு வைத்துப் பார்த்தால், எச்சரிக்கை உரிய நேரத்தில் உரியவர்களின் காதில் ஏறிய அரிதான நிகழ்வு அதுதான்.

பிப்ரவரி 21 அன்று, தெற்குச் சீனத்தின் குவாங்டாங் மாநிலத்திலிருந்து வந்த ஒரு மருத்துவர், உடல்நலம் குன்றிய நிலையில், ஹாங்காங் விடுதி ஒன்றின் ஒன்பதாம் மாடியில் ஓர் இரவு தங்கினார். அதே விடுதியில் தங்கியிருந்தவர்களின் வழியாக நோய் ஹனோய், சிங்கப்பூர், டொராண்டோ எனப் பல நகரங்களுக்கு விமானம் ஏறிவிட்டது. ஹனோயில் அப்படி வந்து சேர்ந்த நோயாளியைப் பார்க்க அழைக்கப்பட்டவர் கார்லோ உர்பானி. உலக சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய இத்தாலியர், ஒட்டுண்ணி நோய்களில் வல்லுநர், வயது 46. இது வழக்கமான நிமோனியா அல்ல என்று உணர்ந்த அவர், நாள்தோறும் அந்த மருத்துவமனைக்குப் போய் மாதிரிகளைச் சேகரித்தார், நோயாளிகளைத் தனிமைப்படுத்தச் செய்தார், மேலிடத்துக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார், மார்ச் 9 அன்று வியட்நாம் சுகாதார அதிகாரிகளோடு அமர்ந்து நிலைமையின் கடுமையை அவர்கள் ஏற்கும்படி எடுத்துச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பாங்காக் சென்ற விமானத்திலேயே அவருக்குக் காய்ச்சல் கண்டது. விமான நிலையத்தில் வரவேற்கக் காத்திருந்த சக மருத்துவரை அருகே வர வேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை இருவரும் சில அடி இடைவெளி விட்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள், மார்ச் 12 அன்று, உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுவதற்குமான எச்சரிக்கையை வெளியிட்டது. மார்ச் 29 அன்று உர்பானி இறந்தார். ஏப்ரல் 28 அன்று, சார்ஸ் பரவலை முதன்முதலில் கட்டுப்படுத்திய நாடு என்று வியட்நாம் அறிவிக்கப்பட்டது. அங்கே நோய் கண்டவர்கள் 63 பேர், இறந்தவர்கள் 5 பேர். உலக அளவில் 8,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்து 774 உயிர்களைக் கொண்டுபோன நோய் ஜூலை 5 அன்று கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டது. தனிமைப்படுத்தல், தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்தல், விமான நிலையச் சோதனை என்று நான்கு மாதம் இரவு பகலாக நடந்த வேலையைத்தான் உங்கள் கட்டுரையாளர் "தானாகவே" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இதே நோயைச் சீனத் தலைநகரில் எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 3 அன்று பெய்ஜிங்கில் நோயாளிகள் 12 பேர் மட்டுமே என்று சுகாதார அமைச்சர் சொன்னதைக் கேட்டுக் கொதித்துப்போன ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர் ஜியாங் யான்யோங், தனக்குத் தெரிந்த மருத்துவமனைகளின் உண்மை நிலவரத்தை எழுதித் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு அனுப்பினார். அவர்கள் அதை வெளியிடவில்லை. கடிதம் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களின் கைக்குப் போனபிறகுதான் விஷயம் வெடித்தது. ஏப்ரல் 20 அன்று அமைச்சரும் பெய்ஜிங் மேயரும் பதவி இழந்தார்கள். அதுவரை 37 என்றிருந்த நகரத்தின் கணக்கு ஒரே நாளில் 339 ஆனது. ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவன் என்ற முறையில் இந்தச் சம்பவத்தின் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு என்பதை மறைக்கவில்லை.

பூமிக்குத் திரும்பும்போது சிதறிய கொலம்பியா விண்ணோடத்தைப் பற்றிய உங்கள் இரண்டு வரிகளில் பிப்ரவரி 1 என்ற தேதியும், ஏழு பேர் என்ற எண்ணிக்கையும், கல்பனா சாவ்லாவின் பெயரும் இருக்கின்றன. விடுபட்டது ஜனவரி. ஜனவரி 16 அன்று ஓடம் கிளம்பிய 82ஆவது நொடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த, ஒரு கிலோ எடைகூட இல்லாத நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையின் விளிம்பில் மோதியது. மறுநாளே படச்சுருளில் அதைப் பார்த்த பொறியாளர்கள், சுற்றுப்பாதையில் இருக்கும் ஓடத்தைப் படமெடுத்துச் சேதத்தைக் கணிக்க வேண்டும் என்று மூன்று முறை முயன்றும் மேலாளர்கள் அதற்கு வழிவிடவில்லை. ஜனவரி 23 அன்று தரையிலிருந்து ஓடத்துக்குப் போன மின்னஞ்சல், நுரை மோதியதைக் குறிப்பிட்டு, கவலைப்பட ஏதுமில்லை என்றே சொன்னது. ஜூலையில் டெக்சாஸில் நடந்த சோதனையில் அதே அளவு நுரைத் துண்டை அதே வேகத்தில் இறக்கையின் பலகை மீது எய்தபோது, ஒரு மனிதனின் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. விபத்துக்கு நுரை எவ்வளவு காரணமோ அதே அளவுக்கு நாசாவின் நிர்வாகப் பண்பாடும் காரணம் என்று ஆகஸ்ட் 26 அன்று விசாரணைக் குழு எழுதியது.

ஈராக்கிலும் நடந்தது இதுதான், அளவுதான் பெரியது. அங்கே பேரழிவு ஆயுதங்களைத் தேடிய ஐ.நா. ஆய்வுக்குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் மார்ச் 7 அன்று பாதுகாப்பு அவையில், எஞ்சிய ஆய்வுக்கு ஆண்டுகள் வேண்டாம், வாரங்கள் போதாது, மாதங்கள் வேண்டும் என்றார். பிப்ரவரி 15 அன்று பல நாடுகளில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கிப் போர் வேண்டாம் என்றார்கள். மார்ச் 20 அன்று குண்டுகள் விழத் தொடங்கின. தேடிப் போன பேரழிவு ஆயுதக் குவியல் கிடைக்கவே இல்லை.

ஆகஸ்ட் மாத வெப்ப அலைக்கு வருகிறேன். முதியவர்கள் வெப்பத்தால் மடிகிறார்கள் என்று பாரிஸின் அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆகஸ்ட் 10 அன்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகச் சொன்னார். விடுமுறையில் இருந்த பிரான்ஸின் சுகாதார அமைச்சர், விடுமுறை வீட்டிலிருந்தபடியே அரைக்கைச் சட்டையோடு திரையில் தோன்றிப் பதற்றம் வேண்டாம் என்றார். பிரான்ஸில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் வழக்கத்துக்கு மேல் இறந்திருந்தார்கள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. உரிமை கோர யாரும் வராத 57 சடலங்கள் செப்டம்பர் 3 அன்று தலைநகரின் புறநகர்க் கல்லறையில் புதைக்கப்பட்டபோது குடியரசுத் தலைவர் ஜாக் ஷிராக் நேரில் போய் நின்றார். அதே ஆகஸ்டில், 14ஆம் தேதி, ஒஹையோவில் ஒரு மின் கட்டுப்பாட்டு அறையின் அபாய அறிவிப்பு மென்பொருள் செயலிழந்தது அங்கிருந்தவர்களுக்கே தெரியாமல் போக, அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள்.

எல்லாவற்றையும் இதே கணக்கில் சேர்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். டிசம்பர் 26 அன்று விடியும் முன் இரானின் பாம் நகரில் மண்கட்டி வீடுகள் சரிந்து 26,000க்கும் மேற்பட்டோர் இறந்ததற்கு, நாளும் நேரமும் குறித்து எச்சரித்திருக்கக் கூடியவர்கள் எவரும் இல்லை. அக்டோபர் 15 அன்று யாங் லிவெய் என்ற முதல் சீனரை ஏற்றிக்கொண்டு ஷென்சோ-5 விண்கலம் பறந்ததையும் இங்கே வலிந்து நுழைக்கப் போவதில்லை.

என் வேண்டுகோள் சிறியது. கட்டுரையோடு தந்திருந்த தேதிப் பட்டியலில் மார்ச் 20க்கும், பாக்தாத்தில் சதாம் சிலை வீழ்ந்த ஏப்ரல் 9க்கும் இடையில் ஈராக் தவிர வேறெதுவும் இல்லை. இத்தொடர் நூலாகும் எண்ணம் இருந்தால், "தானாகவே மறைந்தது" என்ற சொற்களை நீக்கிவிட்டு, மார்ச் 29க்கு நேராகக் கார்லோ உர்பானியின் பெயரைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்