250 கிராம்: அரிசியா, சோறா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் முப்பது வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தினமும் காலையில் எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, தலைக்கு இத்தனை கிராம் என்று அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தே பழகியவள். அதனால்தான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் எங்கள் எதிர்வீட்டு அண்ணனுக்கு நடந்தது இது. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். அவருடைய போனுக்கு யாரோ ஒரு தட்டுப் படம் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு 85 கிராம், பழம் 100 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று தமிழில் போட்டு, அரசாங்க நிறுவனம் சொன்னது என்று அடியில் எழுதியிருந்தது. அண்ணன் எதையும் கணக்காகச் செய்கிறவர். மறுநாளே ஒரு சின்னத் தராசு வாங்கி வந்து சோற்றை நிறுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி ஒரு தோசை. எல்லாம் சேர்த்து 250 கிராம் தாண்டக் கூடாது. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பதினோரு மணி இருக்கும். "டீச்சர், கொஞ்சம் வாங்களேன், இவருக்கு என்னமோ பண்ணுது" என்று அக்கா ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகும் அங்கே பார்த்தபோது ரத்தத்தில் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து 61தான் இருந்தது. டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அண்ணன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார்.

அந்த 250 கிராம் என்பது சமைக்காத எடை, அதாவது அரிசியாக, மாவாக, ரவையாக இருக்கும்போது உள்ள எடை. ஒரு கிலோ அரிசியை வடித்தால் கிட்டத்தட்ட மூன்று கிலோ சோறு வரும் என்பது சத்துணவுக் கூடத்தில் வேலை செய்த எந்தச் சமையலம்மாவுக்கும் தெரியும். சோறாக 250 கிராம் என்றால் அதில் அரிசி நூறு கிராம்கூட இருக்காது. அண்ணன் சாப்பிட வேண்டியதில் பாதியைக்கூடச் சாப்பிடவில்லை. படத்தைத் தமிழில் மாற்றியவர் ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டார். ஒரு மனிதர் மயங்கி விழப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் மகளிடம் சொல்லி அந்தப் புத்தகத்தையே இணையத்திலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி அது. 1998ல் முதலில் வந்து, 2011ல் ஒருமுறை திருத்தி, இப்போது மறுபடியும் திருத்தியிருக்கிறார்கள். மொத்தம் 17 அறிவுரைகள். என் கைக்குக் கிடைத்தது ஆங்கிலப் புத்தகம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மகளை உட்கார வைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நல்ல புத்தகம், மனதாரச் சொல்கிறேன். நாட்டின் நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தவறான சாப்பாட்டால் வருகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு வேண்டிய சக்தியில் 45 சதவீதத்துக்கு மேல் தானியத்திலிருந்து வரக் கூடாது, தட்டில் பாதி காயும் பழமுமாக இருக்க வேண்டும், உப்பு 5 கிராமுக்கு மேல் வேண்டாம், சாப்பாட்டை ஒட்டி டீ காப்பி குடிக்க வேண்டாம் என்கிறார்கள். புரதப் பொடி டப்பாக்களை நம்ப வேண்டாம் என்றுகூடத் தைரியமாக எழுதியிருக்கிறார்கள். தட்டுப் படத்தில் சொன்னது 2,000 கலோரிக் கணக்கு. வெயிலில் கொத்தனார் வேலை செய்கிறவருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அதே அளவு பொருந்தாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் அளவை மாற்றவே கூடாது. போனில் வந்த படத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

சரி, கிராமில் சொன்னால் எங்கள் அடுப்படிக்குப் புரியாது. அதனால் என் வீட்டு எவர்சில்வர் டம்ளரை வைத்து அளந்து பார்த்தேன். 200 மில்லி பிடிக்கிற டம்ளர். தலை தட்டி அளந்தால் ஒன்றரை டம்ளர் அரிசி ஏறத்தாழ 250 கிராம். ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும், இட்லி மாவுக்குப் போகிற அரிசியையும் சேர்த்து, அவ்வளவுதான். துவரம்பருப்பு அரை டம்ளர் போட்டால் 85 கிராம் வந்துவிடுகிறது. முட்டை, மீன், கறி சாப்பிடுகிறவர்கள் அந்த அளவுக்குப் பருப்பில் குறைத்துக்கொள்ளலாம். எண்ணெய் சின்ன ஸ்பூனால் ஆறு ஸ்பூன். உப்பு அதே ஸ்பூனால் தலை தட்டி ஒன்று, ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருப்பதும் இதில் அடக்கம். இன்னும் எளிதாகச் சொன்னால், நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாதம்கூட வருவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு நிறுத்துப் போட்ட நான் என் வீட்டு உப்பை ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை.

இந்த நிறுவனம் பிறந்ததே நம் குன்னூரில்தான். 1918ல் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் அங்கே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. தவிடு நீங்கத் தீட்டிய அரிசியை மட்டுமே நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு வருகிற நோய் பெரிபெரி. 1958ல்தான் அது ஹைதராபாத்துக்குப் போனது. பிற்பாடு அதன் இயக்குநராக இருந்த டாக்டர் கோபாலன் சேலத்தில் பிறந்தவர். சோறு சாப்பிடுகிற நம் ஊரிலிருந்து கிளம்பிய அறிவு இது. அது நமக்கே வாட்ஸ்அப்பில், பாதி வார்த்தை உதிர்ந்து திரும்பி வருவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டுப் படத்தைத் தமிழில், டம்ளர், ஸ்பூன் அளவோடு, 'சமைக்காத எடை' என்று தெளிவாகப் போட்டு ரேஷன் கடைச் சுவரில் எழுத வேண்டும். என்றைக்கு என்ன சாப்பாடு என்று சத்துணவுக் கூடத்தில் எழுதி வைக்கவில்லையா? அதே மாதிரிதான். மாதத்தில் ஒரு நாளாவது எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் வந்து வரிசையில் நிற்கிற இடம் அது. அப்புறம், 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தருகிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்கள் பையிலும் இந்தத் தாளை வைக்கலாம். மாத்திரை தருகிற கையே அளவையும் சொன்னால் அண்ணனுக்கு நடந்த மாதிரி நடக்காது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு நேரம் இல்லை. "சோத்தைக் குறைங்க" என்று ஒரு வார்த்தை. எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று கேட்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுகிறார்.

ரேஷன் கடைச் சுவரில் எழுதினால் ஒரு சங்கடம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் உள்ள எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோ. வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 167 கிராம், பருப்பு 8 கிராம். சுவரில் 85 என்று இருக்கும், பையில் 8 இருக்கும். மீதியை வெளியே கடையில் வாங்க எத்தனை வீட்டால் முடியும்? 400 கிராம் காய் என்றால் நாலு பேருக்குத் தினமும் ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முருங்கைக் கீரையும் பப்பாளியும் கொல்லையில் இருக்கிற எனக்கே அது மலைப்பாக இருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ஆனாலும் எழுத வேண்டும் என்றே சொல்வேன். எட்டுக்கும் எண்பத்தைந்துக்கும் உள்ள வித்தியாசத்தை வரிசையில் நிற்கிறவர்கள் மாதாமாதம் பார்த்தால்தான் இரண்டாவது கிலோ பருப்பைக் கேட்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிள்ளைகளுக்குத் தினமும் முட்டை என்று யாராவது சொன்னால் சிரித்திருப்போம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, கேட்கக் கேட்க வாரத்துக்கு ஐந்தாக ஆனதை என் கையால் அவித்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். டாக்டரிடம் கேட்டு அவருக்கென்று சொன்ன அளவை, காலண்டர் தாளின் பின்பக்கம் டம்ளர் கணக்கில் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை அரிசி டின் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் மூன்று வீட்டில் தங்களுக்கும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். அவரவர் உடம்புக்குத் தக்கபடி அளவு மாறும், எனக்குத் தெரிந்தது டம்ளர் கணக்கு மட்டும்தான் என்று சொல்லி அனுப்பினேன். அதை எழுத வேண்டியது ஊட்டச்சத்து படித்தவர்கள்.

அரசு செய்யும்வரை உங்கள் பத்திரிகையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒருவரிடம் எழுதி வாங்கி, அந்தத் தட்டுப் படத்தை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளும் அளவில் தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படத்துக்கு அடியில் 'சமைக்காத எடை' என்ற இரண்டு சொல்லையும் கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கரூர் மாவட்டம்