மரமேறும் கயிற்றுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை ரொம்ப நீளம் என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்ததால், இந்தத் தடவை கணக்கு வழக்கைப் பொருளாளரிடமே விட்டுவிட்டேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று அவரவருக்கே தெரியும்.

கூட்டங்களில் பாதி நேரத்தை ஒற்றைக் கயிறா இரட்டைக் கயிறா என்ற சண்டையே தின்றுவிட்டது. இரட்டையில் கயிறு கிளைமேல் போய்த் திரும்பி நம்மோடு சேர்ந்து ஓடும், ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் இழுக்க வேண்டும், ஆனால் கைக்குப் பாரம் குறைவு. ஒற்றையில் கயிறு அசையாது, காலாலும் மிதித்து ஏறலாம், உயரமான மரத்தில் தோள்பட்டை தப்பிக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது எது என்றால், ஒற்றைக் கயிற்றை அடிமரத்தில் கட்டிவிட்டு மறுபக்கத்தில் ஏறினால் மேலே கிளை தாங்குவது நம் எடையை மட்டுமல்ல, கிட்டத்தட்ட அதில் இரண்டு மடங்கை. 80 கிலோ ஆள் தொங்கினால் கிளைக்கு 160 கிலோ வரை. பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிய பிறகுதான் சத்தம் அடங்கியது. அன்றிலிருந்து யார் ஏறினாலும் சரி, முதலில் இரண்டு பேர் தரையில் நின்றபடியே கயிற்றில் தொங்கிப் பார்க்கிறோம்.

அடுத்தது என் தவறு, நானே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் வேலை முடிந்த அவசரத்தில் பிளேக் முடிச்சை, அதாவது ஏறும் கயிற்றைச் சுற்றித் துண்டுக் கயிற்றால் போடும் நழுவு முடிச்சைப் பிடித்துக்கொண்டு சர்ரென்று இறங்கினேன். (1994ல் ஜேசன் பிளேக் எழுதியதால் அந்தப் பெயர், அவருக்கு முன்பே ஆஸ்திரியாக்காரர் ஹைன்ஸ் புரோகாஸ்கா இதைக் கண்டுபிடித்திருந்தார், பெயர் மட்டும் கிடைக்கவில்லை, பாவம்.) கீழே வந்து முடிச்சைத் தொட்டால் சூடு. அவிழ்த்துப் பார்த்தேன், ஒரு விரற்கடை நீளத்துக்கு இழைகள் உருகி ஒட்டிப் பளபளவென்று இருந்தன, கட்டை விரலால் வளைத்தால் நகம் மாதிரி விறைப்பு. அந்த முடிச்சில் உராய்வெல்லாம் ஒரே இடத்தில் விழும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அந்தத் துண்டுக் கயிற்றை அங்கேயே அறுத்துப் போட்டேன். நல்ல வேளை, ஏறும் கயிறு தப்பித்தது.

மீட்புப் பயிற்சி முதல் தடவை சொதப்பல். ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டையை ஹார்னஸில் (ஏறுபவர் உடம்பில் கட்டும் பட்டை) மாட்டித் தொங்கவிட்டோம். மேலே போய் இறக்க வேண்டியவருக்கு இரண்டாவது கயிறே மரத்தில் இல்லை. கயிற்றை மேலே ஏற்ற முதலில் வீசும் மெல்லிய எறிகயிறு சிக்கல் பிடித்துக்கொண்டது, அதை எடுப்பதற்குள் அதன் நுனியில் கட்டிய ஈயக்குண்டுப் பை வேறு கிளையில் சுற்றிக்கொண்டது, மூட்டை பாட்டுக்குத் தொங்கியது. கொஞ்சம் பேர் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹார்னஸில் அசையாமல் தொங்கும் ஆளுக்கு ரத்தம் காலிலேயே தேங்கிவிடும், நிமிடக் கணக்கில் உயிருக்கே ஆபத்து. இப்போது வேலை தொடங்கும் முன்பே இரண்டாவது கயிறு மேலே போய்விடுகிறது, அல்லது அடிமரத்தில் கட்டும் கயிற்றைத் தரையிலிருந்தே தளர்த்தி ஆளை இறக்கும்படி போடுகிறோம். அப்படிப் போட்ட கட்டுக்குப் பக்கத்தில் ரம்பத்தோடு யாரும் போகக் கூடாது. ஏன் என்று விளக்க வேண்டாம் என நினைக்கிறேன்.

உயிருள்ள மரத்தில் கவாத்துக்கு ஆணிக்காலோடு (காலில் கட்டி மரத்தில் குத்தி ஏறும் முள்) ஏறத் தடை தொடர்கிறது. பட்டையில் விழும் ஓட்டை ஒவ்வொன்றும் காயம், இதில் பேச்சுக்கு இடமில்லை.

அப்புறம் கயிற்றுப் பதிவேடு. வெட்டிய கிளைகளை இறக்கிய கயிறு ஒன்று ஏறும் கயிற்றுப் பைக்குள் வந்து கிடந்தது, யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. விழும் கிளையின் குலுக்கலை வாங்கிய கயிற்றில் மனிதன் தொங்கக் கூடாது. இனி இறக்கும் கயிற்றின் இரு முனையிலும் சிவப்பு நாடா இருக்கும். கழித்த கயிற்றை முழுசாக யாருக்கும் கொடுக்காதீர்கள், கை நீளத் துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் யாராவது அதில் ஏறுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் புதுக் காரபினரை (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி) காட்ட வராதீர்கள், பழைய கயிற்றைக் கொண்டுவாருங்கள். அடி அடியாக விரலில் ஓட்டிப் பார்ப்போம்.

செயலாளர்