குளோரின் வாடை அடித்தால் குளம் சுத்தமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கோடை நீச்சல் வகுப்புகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. குளோரின் வாடை மூக்கில் ஏறினால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, பிள்ளைகளைப் பயமில்லாமல் இறக்கிவிடலாம் என்ற பொருளில் அதில் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. முப்பது வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

விஷயம் நேர் எதிரானது. தண்ணீரில் சரியான அளவில் நிற்கிற குளோரினுக்கு அப்படியொன்றும் வாடை கிடையாது. அது குளிப்பவர்களின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் ஆகும்போதுதான் கண் எரிகிறது, மூக்கு கமறுகிறது. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அந்த வாடைக்கு அர்த்தம்.

இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம் என் பேத்தி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் நீச்சல் பழகினாள். பத்தாவது நாள் காதுமடலைத் தொட்டாலே அலறினாள், ராத்திரியெல்லாம் தலையணையில் தலை சாய்க்க முடியாமல் என் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள். நேரில் போய்ப் பார்த்தேன். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன் ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருந்தால் மஞ்சளாக்கும் ஓடிஓ என்ற சோதனைச் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். “மஞ்சளா வருதுல்ல சார், அப்புறம் என்ன?” என்றான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அந்த மஞ்சள் வேலைக்கு உதவும் குளோரினையும் உதவாத குளோரமினையும் சேர்த்தே காட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க டிபிடி என்ற சோதனை மாத்திரையைக் குழாய்த் தண்ணீரில் போட வேண்டும். சுவரில் லேமினேட் செய்து ஒரு ஆய்வக அறிக்கை மாட்டியிருந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் படித்தால் எட்டு மாதப் பழசு, அதுவும் போர்வெல் தண்ணீருக்கு எடுத்த குடிநீர்ச் சோதனை. குளத்துத் தண்ணீர் ஆய்வகத்துக்குப் போகவே இல்லை.

குடிநீருக்கு ஐஎஸ் 10500, நீச்சல் குளத்துக்கு ஐஎஸ் 3328 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித்தனியாக வகுத்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தும் உங்கள் பக்கங்களில் எல்லாம் ஒன்றாகக் குழம்பித்தான் வருகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 100 மில்லியில் மலக் கோலிஃபார்ம், அதாவது மலத்திலிருந்து வரும் கிருமி, 2500 வரை போகலாம் என்று சொல்வது ஆறு மாதிரித் திறந்தவெளிக் குளியலுக்கான உச்ச வரம்பு, விரும்பத்தக்க அளவே 500தான். அந்த 2500-ஐ ஒரு முறை நீச்சல் குளத்துக்கும் சேர்த்து எழுதியிருந்தீர்கள். குளோரின் போடுகிற குளத்தில் 100 மில்லிக்கு அந்த வகைக் கிருமியான ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. என் பேத்திக்கு வந்த மாதிரியான காது வலிக்குப் பெரும்பாலும் காரணமாகிற சூடோமோனாஸ் என்ற கிருமி, கோலிஃபார்ம் சோதனையில் தெரியவே தெரியாது, அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும். 2024-இல் கேரளத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட மூளையைத் தின்னும் அமீபாவும் அப்படித்தான்.

இன்னொன்றும் பல நாளாக உறுத்துகிறது. ஆற்றில் அதிகாரி சோதனைக்குத் தண்ணீர் எடுக்கிறார் என்று ஒரு படம் போட்டீர்கள், அவர் கையில் குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில்! கிருமி நீக்கிய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் உள்ளே குளோரினை முறிக்கிற சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்றுவிடும், அறிக்கை பொய்யாகச் சுத்தம் என்று வரும். ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கத்தான் நாங்கள் பஸ்ஸிலும் பைக்கிலும் ஓடினோம். அப்போதும் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. இடப் பற்றாக்குறை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது கேட்பது நாலு வரித் திருத்தம். வாடையை நம்பாதீர்கள்; குளத்துத் தண்ணீரையே சோதித்த அறிக்கையா, எந்தத் தேதி என்று கேட்டுப் பாருங்கள், அவ்வளவு போதும். இந்தக் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை, திருத்தத்தை மட்டும் அதே ஞாயிறு இணைப்பில் போடுங்கள். பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கிற அம்மா அப்பாக்கள் அதைத்தான் படிக்கிறார்கள். கோடை வகுப்புகள் தொடங்க இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்,
மதுரை