புல்லைக் கொத்திவிடாதே, செல்வி

ஊட்டி
ஜனவரி 18

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. அண்ணனுக்கு முழங்கால் வலி குறைந்து ஏரிக்கரை வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது. மதுரை வெயிலில் முப்பது வருஷம் இருந்துவிட்டு கொடைக்கானலில் முதல் குளிர்காலம் என்றால் சும்மாவா? காலையில் சுக்குக் காபி போட்டுக் கொடு.

ஆனால் நான் இன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. வாசல் புல்தரை மூன்றே வாரத்தில் வைக்கோல் நிறமாகிவிட்டது, ஆள் வைத்து மொத்தமாகக் கொத்தச் சொல்லப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, தயவுசெய்து அதைச் செய்யாதே. அந்தப் புல் சாகவில்லை.

நான் இங்கே வந்த முதல் வருஷம் இதே தவறைச் செய்தேன். ஜனவரியில் எல்லாவற்றையும் பெயர்த்து வேலியோரம் குவித்தோம். கோடை மழையில் வெறும் மண் கரைந்து கேட் வரை ஓடியது. ஆனால் அதற்கு முன்பே, மார்ச் மாதம், குவித்துப் போட்ட அந்தக் கட்டிகளிலிருந்து பச்சை முளைகள் எட்டிப் பார்த்தன. பார்த்துக்கொண்டு நின்றபோது அழுகை வந்துவிட்டது.

நீயே சோதித்துப் பார். பழைய கத்தியால் உள்ளங்கை அளவுக்குப் புல்லைப் பெயர்த்தெடு. மண்ணை உதறினால் கயிறு மாதிரி ஓடும் தண்டு தெரியும். அதை நகத்தால் கீறு. உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி நாராக உதிர்ந்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம். நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் உன்னுடையது கிக்குயுப் புல். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்தது. உறைபனி பட்டால் மேலே கருகும், அடித்தண்டு உறங்கும், வெயில் திரும்பியதும் எழுந்துவிடும்.

உறைபனி எப்போது விழும் என்று பழகிக்கொள். மேகமில்லாத, காற்றே இல்லாத ராத்திரிதான் ஆபத்து. பகலில் வாங்கிய சூட்டை மண் அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். இங்கே தலைகுந்தாவும் காந்தலும் வெள்ளைவெளேரென்று கிடக்கும்போது மேட்டிலிருக்கும் வீட்டு வாசலில் ஒன்றுமே இருக்காது. உன் வீடு ஏரிப் பக்கத்துத் தாழ்விலா, மேட்டிலா? எழுது.

வெள்ளை படிந்திருக்கும் காலையில் யாரையும் புல்லில் நடக்க விடாதே. உறைந்த இலை மிதித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். போன வாரம் பால்காரப் பையன் குறுக்கே நடந்துவிட்டான். பத்து மணிக்குப் பார்த்தால் கேட்டிலிருந்து படி வரை ஒவ்வொரு அடியும் கருப்பாகப் பதிந்திருந்தது. செருப்பின் கோடுகள்கூடத் தெரிந்தன. இன்னும் மறையவில்லை.

தாவரவியல் பூங்காவில் வெயில் ஏறுவதற்கு முன்பே புல்வெளிக்குத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவார்கள். மலர்ச்செடிகள் மேல் கோத்தகிரி மிலார் செடியை வெட்டிவந்து குடைபோல் மூடுவார்கள். நானும் ஹைட்ரேஞ்சியாவை அப்படித்தான் காப்பாற்றுகிறேன். உனக்கு மிலார் கிடைக்காவிட்டால் சாக்கு போதும். சாயங்காலம் போர்த்திவிட்டுக் காலையில் எடுத்துவிடு. பிளாஸ்டிக் ஷீட் மட்டும் வேண்டாம், அது இலையில் ஒட்டிய இடமெல்லாம் கருகும்.

தண்ணீரை முன்மதியத்தில் ஊற்று. ஈரமண் சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், பொழுது சாய்வதற்குள் இலையும் காய்ந்துவிடும். புல் வெட்டும் மிஷினை இப்போது தொடாதே. உயரமான புல்லே தண்டுக்குப் போர்வை. யூரியாவும் இப்போது கூடாது. இளந்தளிர் வந்தால் முதல் பனியிலேயே வெந்துபோகும். பனி நின்ற பிறகு, மார்ச்சில், மட்கிய தொழுவுரத்தைச் சலித்துத் தூவினால் போதும்.

நிழல் பக்கம் பாசி படர்கிறது என்றாயே, அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நம் மலை மண்ணுக்குப் புளிப்பு அதிகம், மழையும் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக் கொண்டுபோய்விடும். தேயிலைத் தோட்டக்காரர்கள் டோலமைட் போடுவது அதனால்தான். ஆனால் மண்ணைப் பரிசோதிக்காமல் நீ போடாதே, அசேலியாவும் கமீலியாவும் புளிப்பு மண்ணைத்தான் விரும்பும். இன்னொரு காரணம் தண்ணீர் தேங்குவது. முதலில் அதைப் பார்த்து ஒரு வாய்க்கால் வெட்டு.

இன்னொன்று கேட்டுக்கொள். கிக்குயு இந்த மலையின் புல் இல்லை. சோலையும் புல்வெளியுமாக இருந்த இடத்தில்தான் வெளியிலிருந்து கொண்டுவந்த சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்து அடைத்துக்கொண்டன. குறிஞ்சி பூப்பது அந்தப் பழைய புல்வெளியில். அதனால் வெட்டிய துண்டுகளை ஓடையிலோ வேலிக்கு வெளியிலோ கொட்டாதே, ஒரு கணு போதும், வேர் பிடித்துவிடும். பின்பக்கச் சரிவையும் புல்தரையாக்க வேண்டாம். அங்கே இருக்கும் காட்டுச்செடிகளை அப்படியே விடு. காட்டெருமை வந்தால் விரட்டப் போகாதே, விளக்கைப் போட்டுவிட்டு உள்ளேயே இரு.

மார்ச் கடைசியில் நான் வருகிறேன். அதற்குள் அந்தக் கத்திச் சோதனையில் என்ன தெரிந்தது என்று ஒரு வரி எழுதிப் போடு. ஆளிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
லலிதா